72,000 ரூபாய் கொடுத்து வாங்கிய காத்திருப்பு

பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த டேப்புக்கு மேல் இன்னொரு டேப் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்காமல், டிவியில் இணைத்து வீடியோ கேம் ஆடும் கன்சோல் ஒன்றுக்காக 72,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். 2021 ஏப்ரல் மாதக் கடைசி அது. இரண்டாவது அலை ஏறிக்கொண்டிருந்தது, மறுபடியும் எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள் என்ற பேச்சு எங்கும் இருந்தது. சென்னையில் ஒரு பெரிய கடைக்குப் பின்புறம் வண்டி நிறுத்தும் இடத்தில் நின்றபடிதான் இந்த வியாபாரம் நடந்தது. விற்றவர் கடைக்காரர்கூட இல்லை. நான்கைந்து பெட்டிகளை எங்கிருந்தோ பிடித்து வைத்துக்கொண்டு, தெரிந்தவர் மூலம் வருபவர்களுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தவர். "சார், இன்று மாலை வரை உங்களுக்காக எடுத்து வைக்கிறேன். அதற்குப் பிறகு நான் பொறுப்பில்லை" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அசைந்துகொடுத்தேன்.

அப்போதைய நிலவரத்தைச் சொன்னால்தான் இது புரியும். இந்தத் தலைமுறையின் இரண்டு பெரிய கன்சோல்களும், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் பிளேஸ்டேஷன் 5-உம், இந்தியாவில் ஒரே விலையில்தான் வந்தன: 49,990 ரூபாய். முதலாவது 2020 நவம்பரில் வந்தது. இரண்டாவது 2021 பிப்ரவரி 2 அன்று. ஜனவரி 12 அன்று அதற்கான முன்பதிவு தொடங்கியபோது நானும் கைப்பேசியும் மடிக்கணினியுமாக உட்கார்ந்திருந்தேன். சில நிமிடங்களில் எல்லாம் தீர்ந்துவிட்டது. பெருந்தொற்றால் உலகம் முழுக்கச் சிப்புக்குத் தட்டுப்பாடு. இரண்டு கன்சோல்களின் மூளையான சிப்பும் ஏஎம்டி நிறுவனம் வடிவமைத்து, தைவானில் ஒரே நிறுவனத்தின் ஆலைகளில் தயாரானது. ஆகவே ஒன்று கிடைக்காவிட்டால் மற்றொன்று என்று தப்பிக்கவும் வழியில்லை. நான் வாங்கியது இந்த இரண்டில் எது என்பதை இங்கே சொல்லவில்லை. எனக்கு நடந்தது இரண்டில் எதை வாங்கியவருக்கும் நடந்திருக்கக்கூடியதுதான்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்ததும் முதல் அடி. மின் இணைப்புக் கம்பியின் முனை நம் சுவர் பிளக்கில் நுழையவில்லை. வேறு நாட்டுக்கான செட் அது. உள்ளே இருந்த வாரன்டி அட்டையில் இந்தியாவின் பெயரே இல்லை. பில் கேட்டு அன்றிரவு அழைத்தேன், இரண்டு நாளில் அனுப்புகிறேன் என்றார். பத்து நாளில் அந்த எண் அணைந்துவிட்டது. அதற்குள் மே 10 அன்று முழு ஊரடங்கும் வந்துவிட்டது. அம்மாவிடம் விலை நாற்பதாயிரம் என்று சொல்லியிருந்தேன். அந்தப் பொய் பெட்டியைவிடக் கனமாக இருந்தது. ஏறக்குறைய ஒரு வருடம், வீட்டில் யாராவது பணம் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்லியாக வேண்டும். 49,990-க்கும் 72,000-க்கும் இடையே 22,010 ரூபாய் வித்தியாசம். உண்மையான இழப்பு அது மட்டுமல்ல, பில் இல்லாததுதான் பெரிய இழப்பு. ஜிஎஸ்டி எண்ணோடு உங்கள் பெயரில் பில் இருந்தால்தான் சர்வீஸ் சென்டரில் உங்களை உட்காரச் சொல்வார்கள். அது இருந்தால்தான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொன்னாலும் உங்கள் கையில் ஏதாவது இருக்கும். பணத்தைக் கொடுக்கும் முன் பெட்டியின் மேலுள்ள தொடர் எண்ணும் கருவியின் பின்புறம் உள்ள தொடர் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிளக்கின் முனையைப் பாருங்கள். பெட்டியில் இந்திய இறக்குமதியாளரின் முகவரியும் எம்ஆர்பியும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. வண்டி நிறுத்தும் இடத்தில் ஒருவர் அவசரப்படுத்தும்போது இந்த இரண்டு நிமிடம்தான் நமக்குக் கிடைக்காமல் போகிறது. அவர் அவசரப்படுத்துவதே அதற்காகத்தான்.

நான் செய்த இரண்டாவது தவறு, வாங்குவதற்கு முந்தைய வாரமே பழைய கன்சோலை விற்றது. ஆறு வருடம் கூடவே இருந்த கருவி. கையில் பிடித்து ஆடும் இரண்டு கண்ட்ரோலர்களும் ஒன்பது டிஸ்குகளும் சேர்த்து 13,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். புதியது வந்துவிட்டால் பழையது எதற்கு என்று நினைத்தேன். புதியதை இணைத்து, கணக்கைத் திறந்து, கடையில் இதற்காகவே செய்யப்பட்ட கேம்கள் என்னென்ன இருக்கின்றன என்று தேடியபோதுதான் தெரிந்தது, விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றிலும் எனக்குப் பிடித்த வகை ஒன்றோ இரண்டோ. மீதி எல்லாம் பழைய கன்சோலிலும் ஓடுபவை.

ஊரடங்கு நாட்களில் ஒரு மாலை, ஏற்கெனவே ஒருமுறை முடித்திருந்த கேமையே புதிய கருவிக்கான இலவச அப்டேட்டோடு மறுபடி ஆடிக்கொண்டிருந்தேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பாலம் போன வருடமே விழுந்ததே? திரும்பக் கட்டிவிட்டார்களா?" என்று கேட்டார். அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்கு அந்தப் பாலம் நினைவிருந்தது. நீரில் தெரியும் பிம்பம் இப்போது தெளிவாக இருக்கிறது, ஏற்றும் நேரம் ஒரு நிமிடத்திலிருந்து சில நொடிகளாகக் குறைந்திருக்கிறது என்றெல்லாம் விளக்கினேன். அவர் தலையசைத்தார். 72,000 ரூபாயில் நான் வாங்கியது என்ன என்பதை அவர் கேட்ட அந்தக் கேள்வி எனக்குச் சொல்லிவிட்டது.

இந்தத் தலைமுறையில் பலருக்கும் இருக்கும் முதன்மையான ஆதங்கம் இதுதான் என்று நினைக்கிறேன். புதிய எக்ஸ்பாக்ஸின் முகமாகக் காட்டப்பட்ட ஹேலோ இன்ஃபினிட் கேம், கருவியோடு 2020 நவம்பரில் வர வேண்டியது, 2021 டிசம்பரில்தான் வந்தது. வந்தபோதும் பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் ஓடியது. அடுத்த வருடம் வந்த ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்டும் காட் ஆஃப் வார் ரக்னராக்கும் பிளேஸ்டேஷன் 4-இலும் வெளியாயின. பழைய கருவி வைத்திருந்தவர்களைக் கைவிடாதது நியாயம்தான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் தலைமுறை மாறி இரண்டு ஆண்டுகள் வரை, மாறாமலே இருந்திருந்தாலும் பெரும்பாலானவற்றை ஆடியிருக்கலாம் என்பதை யாரும் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் பழையதை வைத்துக்கொண்டு 2023 வரை இருந்திருந்தால் பெரிதாக எதையும் இழந்திருக்கமாட்டேன். ஆகவே கன்சோல் வாங்க நினைப்பவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: இன்றைக்கு, இந்த நிமிடம், கடையில் இருக்கும் கேம்களில் நீங்கள் ஆட விரும்பும் ஐந்தின் பெயரைச் சொல்ல முடியுமா? அறிவிப்பில் இருப்பவை கணக்கில் வராது. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6-ஐப் பாருங்கள். 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26 என்றார்கள், அதையும் 2026 நவம்பர் 19-க்குத் தள்ளினார்கள். அதை நம்பி 2023 டிசம்பரில், முதல் முன்னோட்டம் வந்த வாரத்திலேயே கருவி வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது தொலைக்காட்சி. இதில் நான் இழந்தது 46,000 ரூபாய். கன்சோல் 4கே தெளிவில் நொடிக்கு 120 பிரேம், அதாவது 120 படம், தரும் என்ற விளம்பரத்தை நம்பி, '120' என்ற எண் பெரிதாக அச்சடித்த ஒரு டிவியைத் தவணையில் வாங்கினேன். இணைத்துவிட்டு அமைப்புகளுக்குள் போனால் 60 ஹெர்ட்ஸுக்கு, அதாவது திரை நொடிக்கு 60 முறை மாறுவதற்கு, மேல் ஏறவே இல்லை. அந்த 120 என்பது அசைவை மென்மையாகக் காட்டும் மென்பொருள் வித்தைக்கு வைத்த பெயர், பேனல், அதாவது திரை, வெறும் 60 ஹெர்ட்ஸ்தான் என்பது பிறகுதான் விளங்கியது. 4கேயில் 120 வேண்டுமென்றால் பேனலே 120 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டும், கூடவே கன்சோலின் கம்பியைச் செருக ஹெச்டிஎம்ஐ 2.1 துளையும் இருக்க வேண்டும். சில டிவிகளில் நான்கு துளைகளில் ஒன்றோ இரண்டோதான் அப்படிப்பட்டவை. கடையில் நிற்கும்போதே மாடல் எண்ணைப் போட்டு, பேனலின் உண்மையான ஹெர்ட்ஸ் என்ன என்று தேடிப் பாருங்கள். விற்பனையாளரின் வாய்ச்சொல் போதாது. ஆனால் இதை முழு நேர்மையோடு சொல்ல வேண்டுமானால், அந்த 120 கிடைத்திருந்தாலும் எனக்கு அவ்வளவு பயன்பட்டிருக்காது. கோத்தம் நைட்ஸ் 2022-இல் புதிய கன்சோல்களில் 30 பிரேமில்தான் வந்தது. ஸ்டார்ஃபீல்டும் 2023-இல் கன்சோலில் 30 பிரேமோடுதான் தொடங்கியது. பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணும் கேமுக்குள் கிடைக்கும் எண்ணும் வேறு வேறு. 60 நிலையாகக் கிடைத்தாலே கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. அதற்கு நல்ல ஒரு 60 ஹெர்ட்ஸ் டிவி போதும்.

சேமிப்பிடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் 825 ஜிபி என்று போட்டிருக்கும், நமக்குக் கிடைப்பது 667 ஜிபி. சீரிஸ் எக்ஸில் ஒரு டெராபைட் என்பதில் சுமார் 800. அதன் சிறிய வடிவமான சீரிஸ் எஸ்ஸில் 512 என்பது 364 ஆகிவிடும். ஒரே ஒரு பெரிய துப்பாக்கிச் சண்டை கேம் நூறு ஜிபியைத் தாண்டிப் போகும் காலம் இது. இடம் இல்லாமல் ஒன்றை அழித்து, பிறகு ஆசைப்பட்டு மறுபடி டவுன்லோட் செய்து, மாத இன்டர்நெட் அளவைத் தீர்த்து, கடைசியில் கூடுதல் சேமிப்புக்கு இன்னொரு பதினைந்தாயிரம் கொடுத்தேன். கருவியின் விலையைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடனடியாக வாங்கிவிட வேண்டாம், அந்தப் பொருளின் விலை ஏறி இறங்கும்.

இனி, என்னை உண்மையிலேயே உடைத்த விஷயத்துக்கு வருகிறேன். 2022 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகன் வந்திருந்தான். கேமில் ஒரு மலை உச்சியில் ஆளை நிறுத்திவிட்டு, கண்ட்ரோலரை மெத்தைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். "மாமா, அவன் தானாக நடக்கிறான்" என்று கத்தினான். திரும்பிப் பார்த்தால், யாரும் தொடாமலே அந்த ஆள் இடப்பக்கமாக ஒரு தூக்கத்தில் நடப்பவனைப் போல மெதுவாக நகர்ந்து விளிம்புக்குப் போய்க் கொண்டிருந்தான். ஓடிவந்து எடுப்பதற்குள் விழுந்துவிட்டான். கண்ட்ரோலரில் ஆளை நகர்த்தும் இடது ஸ்டிக்கை விரலால் தட்டினேன், நின்றது. பத்து நொடியில் மறுபடி நகர்ந்தது. வாங்கி பத்து மாதம்கூட ஆகவில்லை. நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நான் ஆடுபவனும் இல்லை.

ஸ்டிக் டிரிஃப்ட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஸ்டிக்கின் அடியில் இரண்டு சிறிய மின்தடை மாற்றிகள் இருக்கின்றன. நாம் ஸ்டிக்கை அசைக்கும்போதெல்லாம் ஒரு மெல்லிய உலோக முனை கார்பன் பூசிய தகட்டின்மேல் உராய்கிறது. நாளடைவில் பூச்சு தேய்கிறது, தூசும் சேர்கிறது. அப்போது நடுவில் நிற்கும் ஸ்டிக்கைக்கூட, யாரோ ஒரு பக்கம் தள்ளுகிறார்கள் என்று கருவி எடுத்துக்கொள்கிறது. இந்தத் தேய்மானம் இந்த வகை ஸ்டிக் உள்ள எல்லாக் கண்ட்ரோலர்களிலும் உண்டு. நின்டெண்டோவின் ஜாய்-கான் கண்ட்ரோலர் விஷயத்தில் 2020-இல் அந்நிறுவனத் தலைவர் ஃபுருகாவா மன்னிப்பே கேட்டார். எனக்குக் கோபம் வருவது எங்கே என்றால், இதற்குத் தீர்வு எப்போதோ இருந்தது. உராய்வே இல்லாமல் காந்தத்தால் நிலையை அறியும் ஹால் உணரிகள் உண்டு. சேகா 1998-இல் வெளியிட்ட டிரீம்காஸ்ட் கன்சோலின் கண்ட்ரோலரில் அவைதான் இருந்தன. அதற்கு இருபத்திரண்டு வருடம் கழித்து வந்த தலைமுறையில், ஆறாயிரம் ரூபாய் கண்ட்ரோலரில் அது இல்லை. சில ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக லட்சக்கணக்கான வீடுகளில் நல்ல கண்ட்ரோலர்களைக் குப்பைக்கு அனுப்புவது எந்த வகையிலும் சரியில்லை.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். வரிசையில் முக்கால் மணி நேரம். கவுன்டரில் இருந்த பெண் பணிவாகவே பேசினார். "பில் இருக்கிறதா சார்?" இல்லை. தொடர் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது இந்தியாவில் விற்ற செட் இல்லை சார், எங்களால் எடுத்துக்கொள்ள முடியாது" என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. ஆனால் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ட்ரோலருக்காக அல்ல. ஒரு வருடமாக மறைத்து வைத்திருந்த தவறு அத்தனையும் அந்தக் கவுன்டரில் ஒரே கேள்வியில் வெளியே வந்துவிட்டதற்காக. அன்றிரவு அம்மாவிடம் உண்மையான விலையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்போதே சொல்லியிருந்தால் பில்லையாவது கேட்டு வாங்க வைத்திருப்பேனே" என்றார்.

புதிதாக ஒரு கண்ட்ரோலர் வாங்கினேன், கிட்டத்தட்ட ஆறாயிரம். அதுவும் பதினான்கு மாதத்தில் அதே வழிக்குப் போனது. டிரிஃப்ட் தொடங்கினால் முதலில் செய்ய வேண்டியதை அதற்குள் கற்றிருந்தேன். வாரன்டி காலத்துக்குள் என்றால் எதையும் பிரிக்காதீர்கள், வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு நேராக சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். காலம் கடந்துவிட்டதென்றால், கேமின் அமைப்புகளில் 'டெட் ஸோன்' என்று ஒன்று இருக்கும், நடுவிலிருந்து எவ்வளவு தூரம் வரை அசைவைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்பதற்கான அளவு அது. அதைச் சற்று கூட்டினால் சில மாதங்கள் ஓட்டலாம். ஸ்பிரே அடித்துத் துடைப்பது சில வாரங்களுக்குத்தான் தாங்கும். என் அனுபவத்தில் நிலையாக நின்றது, ஸ்டிக் பாகத்தையே கழற்றிவிட்டுக் காந்த உணரி வைத்ததைச் சால்டர் செய்து மாட்டுவதுதான். ஒரு ஸ்டிக்குக்குப் பதினான்கு சால்டர் புள்ளிகள். வீட்டில் முயன்று பலகையைக் கருக்கிவிட வேண்டாம்.

டிஜிட்டலாக வாங்கியதிலும் ஒரு வருத்தம் இருக்கிறது. ஒரு கேம் அப்போது 4,999 ரூபாய். அந்த விலையில் மூன்று வாங்கினேன், மூன்றும் டவுன்லோட். ஒன்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்னால் ஆட முடியவில்லை. டிஸ்காக இருந்திருந்தால் மூவாயிரத்துக்காவது யாரிடமாவது தள்ளியிருக்கலாம். டவுன்லோடை விற்க முடியாது, அக்கா மகனுக்குக் கொடுக்கவும் முடியாது. நாம் வாங்குவது பொருளை அல்ல, உரிமத்தை. சர்வரை நிறுத்திவிட்டால் அதுவும் போகும். யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று தி க்ரூ கேமின் சர்வர்களை நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களும் அதை ஆட முடியாமல் போனது. டிஸ்க் நுழையும் கருவிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இரண்டு வருடத்தில் திரும்பி வந்துவிடும் என்பது என் கணக்கு. வெளியான அன்றே வாங்குவதையும் நிறுத்திவிட்டேன். சைபர்பங்க் 2077, 2020 டிசம்பர் 10 அன்று வெளியாகி, ஒரு வாரம் கழித்து பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே எடுக்கப்பட்டது, 2021 ஜூனில்தான் திரும்பியது. நான் அதை மூன்று வருடம் கழித்துப் பாதி விலையில் வாங்கினேன். அதற்குள் திருத்தப்பட்டு அருமையாக இருந்தது.

பொறுத்திருந்தால் கருவியின் விலையும் இறங்கும் என்று முன்பெல்லாம் சொல்வோம். பிளேஸ்டேஷன் 4 அமெரிக்காவில் 2013-இல் 399 டாலர், மூன்று வருடத்தில் 299. இந்தத் தலைமுறையில் அந்த வழக்கம் தலைகீழாகிவிட்டது. பிளேஸ்டேஷன் 5 இங்கே 2022 நவம்பரில் 54,990 ஆனது. 499 டாலருக்கு வந்த சீரிஸ் எக்ஸ் 2025 அக்டோபரில் அங்கே 649 டாலர். அதனால் "காத்திருங்கள், மலிவாகும்" என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. பட்டியல் விலையில், பில்லோடு, விழாக்காலத் தள்ளுபடியில் கிடைத்தால், ஆடுவதற்கு ஐந்து கேம் கையில் இருந்தால், வாங்கிவிடுங்கள். பட்டியல் விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் சொல்லி வாங்கலாமே என்பவர்களும் கொஞ்சம் யோசியுங்கள். பிளேஸ்டேஷன் 5 ப்ரோ 2024 நவம்பரில் வந்தபோது இந்தியாவில் விற்பனைக்கு வரவில்லை, அதன் வைஃபை பயன்படுத்தும் 6 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அப்போது அனுமதி இல்லாததே காரணம். அப்படி வந்த கருவி பழுதானால் நீங்களும் நான் நின்ற கவுன்டரில்தான் போய் நிற்பீர்கள்.

போன வருடம் சென்னை ரிச்சி தெருவில், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் இரண்டு கண்ட்ரோலர்களையும் கொடுத்தேன். "அண்ணே, காந்தம் வைத்தது போடுங்கள்" என்றேன். பூதக்கண்ணாடியை நெற்றியில் இறக்கிக்கொண்டு, புகை எழ எழ ஒவ்வொரு புள்ளியாக எடுத்தார். இரண்டுக்கும் சேர்த்து 2,400 ரூபாய். காகிதத் துண்டில் கையெழுத்திட்ட ரசீது கேட்டேன், சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். அது இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அதே மலை உச்சிக்குப் போய், விளிம்புக்கு இரண்டடி முன்னால் ஆளை நிறுத்தி, கண்ட்ரோலரை மெத்தைமேல் வைத்தேன். அக்கா மகனும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நிமிடம் மூவரும் திரையையே பார்த்தோம். அவன் அசையவில்லை.